உதவிக்காரர் என்று ஒரு பதவி

இரண்டு மாதமாக எதுவும் எழுதவில்லை. எங்கள் அண்ணாச்சி காலமாகிவிட்டார். அந்த அலைச்சலிலும், அதற்குப் பிறகு வந்த வெறுமையிலும் நாட்கள் போய்விட்டன.

சிப்காட்டில் வேலை பார்த்த பழைய ஆட்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, முப்பது வருடம் லேத் மிஷினில் நின்றவர். நானும் அதே பக்கத்து ஆள். அவருக்கு நாலு வருடம் கழித்து, 1983-ல் வந்தேன். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். மளிகைக் கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார், தெலுங்கு பேசும் பால்காரரும் அப்படித்தான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் இருக்கும். அவர் மகன் போன் செய்தான். "மாமா, கல்லறைக்குக் கல் சொல்லியிருக்கேன். அப்பா பேருக்குக் கீழே என்ன வெட்டணும்னு கேக்காங்க. சபையிலே அப்பாவுக்கு என்ன பதவி மாமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் போதகர் இல்லை. செயலர் இல்லை, பொருளாளர் இல்லை. கமிட்டித் தேர்தலில் நிற்கச் சொன்னபோதெல்லாம் "அது நமக்கு வேண்டாம்டே" என்று சிரித்துவிட்டுப் போனவர். ஆனால் அவர் இல்லாமல் எங்கள் சபையில் ஒரு ஞாயிறும் நடந்ததில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்தேன். யோசித்ததில் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் அவர் என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அறையில்தான் ஆராதனை. ஐயர் (எங்கள் பக்கத்தில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) மாதம் ஒருமுறைதான் வருவார். காலை ஆறு மணிக்கு அண்ணாச்சி பூட்டைத் திறப்பார். பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரிப்பார். ஆராதனை தொடங்கியதும் வாசல் பக்கம் நின்றுகொள்வார். புதிதாக யார் வந்தாலும் உள்ளே அழைத்து உட்கார வைப்பார். வேதபாடம் வாசிக்க ஆள் வரவில்லையென்றால் வாசிப்பார். யார் வரவில்லை என்று மனதில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போவார். யாருக்காவது உடம்பு முடியாமல் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால், அத்திப்பள்ளி தாண்டிப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அண்ணாச்சி இருப்பார்.

கிறிஸ்தவ சபையின் பழைய வரலாற்றைப் படித்தால், இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெயர் இருந்தது தெரிகிறது. கிரேக்கத்தில் 'தியாக்கொனோஸ்'. பணிவிடை செய்பவர் என்று பொருள். பந்தியில் பரிமாறுகிறவருக்கும் அந்தச் சொல்தான். ஆங்கிலத்தில் அது டீக்கன் ஆயிற்று. நம் கத்தோலிக்கர்கள் தியாக்கோன் என்றார்கள். இப்போது திருத்தொண்டர் என்கிறார்கள். ஓசூரில் இருக்கும் மலையாள நண்பர்களின் சிரியன் சபைகளில் செம்மாசன் என்பார்கள். சிரிய மொழியில் அதற்கும் பணிவிடைக்காரர் என்றே பொருள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில், பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்திலேயே இந்தச் சொல்லைப் பார்க்கலாம். அங்கே போட்டிருப்பது 'உதவிக்காரர்'.

இந்தப் பதவியின் தொடக்கமாகச் சபை நினைவில் வைத்திருப்பது ஒரு சாப்பாட்டுத் தகராறு. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் ஒன்றாக வாழ்ந்து, விதவைகளுக்குத் தினமும் உணவு கொடுத்துவந்தார்கள். அங்கே இரண்டு மொழிக்காரர்கள். கிரேக்கம் பேசியவர்கள், "எங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை" என்று முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதலான அந்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தி விசாரணையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்த ஏழு பேரை அந்த அதிகாரம் டீக்கன் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பணிவிடை என்ற சொல் மட்டும் வருகிறது. ஆனால் 2-ம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய இரேனியஸ் ஸ்தேவானை முதல் டீக்கன் என்கிறார். அதுவே மரபாக நிலைத்தது.

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓசூர்தான் ஞாபகம் வரும். 1990-களில் ஒரு வருடம், ஒரு தொழிற்சாலையில் கதவடைப்பு. எங்கள் சபையில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்குச் சம்பளம் நின்றுபோனது. வேலையில் இருந்தவர்களிடம் அண்ணாச்சி அரிசி, பருப்பு, எண்ணெய் வசூலித்து வீடு வீடாகக் கொடுத்துவந்தார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், தெலுங்கு பேசும் ஒரு அம்மா எழுந்து நின்று, "தமிழ்க்காரங்க வீட்டுக்கு மட்டும் மூட்டை போகுது, எங்க பக்கம் யாரும் எட்டிப் பார்க்கல" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒரே சலசலப்பு. உண்மை என்னவென்றால், அண்ணாச்சிக்குத் தெரிந்த வீடுகளுக்குத்தான் சாமான் போயிருந்தது. அவருக்குத் தெலுங்கும் கன்னடமும் சரியாக வராது. அவர் சத்தம் போடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து, அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். "இனிமே லிஸ்ட் நீங்க போடுங்கம்மா. நான் சைக்கிள்ல கொண்டுபோய்ப் போடுறேன்." அடுத்த வாரத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. அந்தச் சபை அன்று இரண்டாக உடைந்திருக்க வேண்டியது. உடையவில்லை.

டீக்கன் என்றால் தானதர்மக் கணக்கு பார்ப்பவர் மட்டுந்தானா, ஆராதனையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டும் ஒரே வேலை என்பதுதான் பழைய சபையின் எண்ணம். கி.பி. 150-ஐ ஒட்டி ரோமில் எழுதிய ஜஸ்டின் என்பவர் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். தலைவர் ஜெபித்து முடித்ததும், டீக்கன்மார் அப்பத்தையும் தண்ணீர் கலந்த திராட்சரசத்தையும் வந்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பிறகு, வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். அதே கூட்டத்தில் சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் ஆகியோருக்குப் போகிறது. கோயில் மேசைக்கும் ஏழை வீட்டு அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தவர் டீக்கன். பந்தியில் யார் இல்லை என்று பார்த்தவருக்குத்தானே யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரியும்?

3-ம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட ஒரு சபை ஒழுங்கு நூல், ஆராதனையின்போது ஒரு டீக்கன் வாசலில் நின்று வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும், அவரவர்க்கு உரிய இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்கிறது. பிற்காலத்தில் சுவிசேஷம் வாசிப்பது அவர் உரிமையாயிற்று. கீழைச் சபைகளில் வேண்டுதல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மக்களைப் பதில் சொல்ல வைப்பவர் அவர்தான். ஈஸ்டர் இரவில் பெரிய மெழுகுதிரிக்கு முன் நின்று புகழுரை பாடுகிறவரும் அவரே. ஆராதனை முடிந்தது, போகலாம் என்று மக்களை அனுப்பி வைப்பதும் அவர் வேலை. லத்தீனில் அந்த அறிவிப்பில் வரும் 'மிஸ்ஸா' என்ற சொல்லிலிருந்துதான் 'மாஸ்' என்ற பெயரே வந்தது. இடது தோளிலிருந்து குறுக்காகத் தொங்கும் பட்டைத் துணி அவருடைய அடையாளம். வேலை செய்கிறவன் தோளில் துண்டு போட்ட மாதிரி இருக்கும்.

251-ல் ரோம் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அப்போது ரோம் சபையில் 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள். சபை ஆதரித்த விதவைகளும் ஏழைகளும் 1500 பேருக்கு மேல். இவ்வளவு பெரிய ஊருக்கும் டீக்கன்கள் ஏழே பேர். எருசலேமின் அந்த ஏழு என்ற எண்ணை அவர்கள் விடவில்லை. அடுத்த சில வருடங்களில், 258-ல் வலேரியன் பேரரசனின் துன்புறுத்தலில் இறந்த லாரன்ஸ் அந்த எழுவரில் ஒருவர். சபையின் செல்வத்தைக் கொண்டுவந்து ஒப்படை என்று அதிகாரி சொன்னபோது, அவர் ஊரிலுள்ள ஏழைகளைக் கூட்டி வந்து நிறுத்தி இவர்கள்தான் அந்தச் செல்வம் என்றாராம். இது பிற்காலத்தவர் சொன்ன கதையாக இருக்கலாம். ஆனாலும் டீக்கன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று மக்கள் நினைத்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

பணம் கையில் புழங்கினால் மனிதனுக்குத் தலை கனக்கும். டீக்கன்களும் விலக்கல்ல. 325-ல் கூடிய நிசேயா சங்கத்தின் 18-ம் விதி அவர்களைக் கண்டிக்கிறது. சில ஊர்களில் டீக்கன்கள் மூப்பர்களுக்கே நற்கருணை கொடுக்கிறார்கள், மூப்பர்களுக்கு நடுவே உட்காருகிறார்கள், இனி அப்படிச் செய்யக்கூடாது என்று அந்த விதி சொல்கிறது. யார் எங்கே உட்காருவது என்ற சண்டை அப்போதே வந்துவிட்டது! அதன் பிறகு மேற்கத்திய சபையில் இந்தப் பதவி மெல்ல மெல்லத் தேய்ந்தது. குருவாகப் போகிறவர் கொஞ்ச காலம் ஏறி நிற்கும் படியாக மட்டும் ஆனது. இன்றும் நம் ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான். பட்டம் பெற்று டீக்கனாகிறவர் கொஞ்ச காலத்தில் குருவாகிவிடுவார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பேராயர், குரு, டீக்கன் என்ற மூன்று நிலைகளையும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் டீக்கனாகவே இருந்து தலை நரைத்த ஒருவரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பெண்களையும் சொல்ல வேண்டும். ரோமர் நிருபத்தின் 16-ம் அதிகாரத்தில் பவுல், கெங்கிரேயா ஊர்ச் சபையின் பெபேயாள் என்ற பெண்ணை இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார். ஏறக்குறைய 112-ல் ரோமானிய ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றித் துப்பறிய, பணிவிடைக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகப் பேரரசனுக்கு எழுதுகிறார். பெண்களின் ஞானஸ்நானத்தில் உதவுவதும், நோயுற்ற பெண்களை வீட்டில் போய்ப் பார்ப்பதும் டீக்கன் பெண்களின் வேலை. பிறகு அந்த வழக்கமும் மங்கியது. 1836-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் ஃபிளீட்னர் என்ற போதகர் அதை வேறு உருவத்தில் மீட்டார். அவர் நடத்திய இல்லத்தில் டீக்கன் பெண்கள் நோயாளிகளைப் பராமரிக்கப் பயின்றார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851-ல் அங்கேதான் பயிற்சி எடுத்தார். இன்று நம் ஆஸ்பத்திரி நர்சு அம்மாக்களின் தொழிலுக்குப் பின்னால் இந்தப் பழைய பதவியின் ஒரு கிளை இருக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் டீக்கன் என்ற பட்டம் அரிது. ஆனால் அந்த வேலை நிற்கவில்லை; பட்டமில்லாத மனிதர்கள் செய்தார்கள். கத்தோலிக்கர்கள் அவர்களை வேதியர் என்றும் உபதேசியார் என்றும் அழைத்தார்கள். எங்கள் பக்கத்திலும் உபதேசியார்தான். கோயிலைத் திறந்து விளக்கேற்றுபவர் கோயில்பிள்ளை. வீடு வீடாகப் போன பெண்கள் பைபிள் உமன்.

17-ம் நூற்றாண்டில் இயேசு சபையார் மைசூர் மிஷன், மதுரை மிஷன் என்று பணி தொடங்கியபோது, குருமார் கை விரலில் எண்ணும் அளவே இருந்தார்கள். ஒரு கிராமத்துக்குக் குரு வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ வந்தால் பெரிது. மற்ற நாட்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டியவர், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், செத்தவரை அடக்கம் செய்தவர் எல்லாம் வேதியர்தான். வீரமாமுனிவரைத் தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் நினைக்கிறோம். அவர் இந்த வேதியர்களுக்கென்றே 1727-ல் 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார். பெரும்புலவர் ஒருவர் கவிதையை ஒதுக்கி வைத்துவிட்டு, கிராமத்து உதவிக்காரர்களுக்காகக் கையேடு எழுதினார் என்றால், அவர்களை நம்பித்தான் மொத்தச் சபையும் நின்றது என்று பொருள்.

1773-ல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். நம் பாராமகால் சீமை அப்போது ஹைதர் அலி கையில், பிறகு திப்பு. 1792-ல் பாராமகால் கம்பெனியாருக்குப் போனது. 1799-ல் திப்பு இறந்த பிறகு ஓசூர்ப் பகுதியும் போனது. அதே 1792-ல் இந்தியா வந்த பிரெஞ்சுக் குரு துபுவா மைசூர்ப் பக்கம் நெடுங்காலம் பணியாற்றி, 1823-ல் திரும்பிப் போனார். அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் தெரியும். ஆனால் குருமார் குறைந்துபோன, படைகள் மாறி மாறி வந்த அந்தக் காலத்தில் தருமபுரி அருகே கோவிலூர், கிருஷ்ணகிரி அருகே எலத்தகிரி போன்ற ஊர்ப் பக்கங்களில் ஜெபத்தை வாயில் வைத்துக் காப்பாற்றிய உள்ளூர்க்காரர்களை யாருக்குத் தெரியும்?

புராட்டஸ்டண்ட் பக்கமும் இதே கதைதான். தரங்கம்பாடியில் 1733-ல் பட்டம் பெற்ற முதல் தமிழ்ப் போதகர் ஆரோன், அதற்கு முன் உபதேசியாராக இருந்தவர். திருநெல்வேலியில் பணியாற்றிய ஜான் தேவசகாயம் 1830-ல் டீக்கனாகி, 1836-ல்தான் குருவானார். ஆறு வருடம் அந்தப் படியில் நின்றிருக்கிறார். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை இந்தியாவில் தன் முதல் நிலையத்தை 1895-ல் தொடங்கியது நம் கிருஷ்ணகிரியில்தான். தொடங்கிய தியோடர் நேத்தர் 1904-ல் பிளேக் நோயில் இறந்தார். அந்த மிஷனில் முதல் இந்தியப் போதகர் வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. அதுவரை ஜனங்களோடு அவர்கள் மொழியில் பேசி, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் உபதேசியார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும்.

என் தாத்தாவும் ஒரு உபதேசியார்தான். முப்பது வருடம் ஒரே கிராமத்தில் இருந்தார். அந்தக் கோயிலின் நூற்றாண்டு விழாவுக்குப் போயிருந்தேன். சலவைக்கல்லில் போதகர்கள் பெயர் வரிசையாக வெட்டியிருந்தது. தாத்தா பெயரைத் தேடினேன், இல்லை. யாரையும் குறை சொல்ல வரவில்லை. பட்டம் இருந்தால் பட்டியலில் இடம் உண்டு. வேலை மட்டும் இருந்தால் இல்லை.

கத்தோலிக்க சபை இதைக் கொஞ்சம் உணர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல், வாழ்நாள் முழுதும் டீக்கனாகவே இருக்கலாம், மணமானவர்களும் ஆகலாம் என்று பழைய வாசலைத் திறந்தது. 1967-ல் ஆறாம் பவுல் அதற்கு விதிகள் வகுத்தார். மேல்நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி ஆகியிருக்கிறார்கள். இந்தியாவில் மிகச் சிலரே. நமக்கு இன்னும் டீக்கன் என்றால் குருவாகப் போகிற பையன்தான்.

போன வாரம் அண்ணாச்சியின் மகனும் நானும் கிரானைட் கடைக்குப் போனோம். கருங்கல்லுக்குப் பஞ்சமில்லாத ஜில்லா நம்முடையது. துண்டுக் காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்ததைக் கடைக்காரர் எழுத்துக் கூட்டி வாசித்தார். "உதவிக்காரர்... இது என்ன சார், ஆபீஸ் உதவியாளரா?"

"இல்லைங்க. ரொம்பப் பழைய பதவி. இரண்டாயிரம் வருசப் பதவி" என்றேன்.

மகன் என்னைப் பார்த்தான். வழியில் பஸ்ஸில் அவனுக்கு இதையெல்லாம் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவனுக்குத் தயக்கம். "மூப்பர்னு போட்டா கொஞ்சம் மரியாதையா இருக்குமே மாமா?"

"அப்பா தேர்தல்லயே நிக்கலையேப்பா. இல்லாத பதவியைக் கல்லுல வெட்டினா அவர் எழுந்து வந்து திட்டுவார். இது அவர் பார்த்த வேலை."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கடைக்காரரிடம், "இதையே வெட்டுங்க. பேரு எழுத்து அளவுக்கே இதையும் பெருசா வெட்டுங்க" என்றான்.

எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார் கடைக்காரர். நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். உ, த, வி, க், கா, ர, ர். ஏழு எழுத்து.